இடது காலுக்கு அஞ்சு, வலது காலுக்கு ஆறு

செருப்புக் கடைகளில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும்,

இதை எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தது எத்தனை தடவை என்று எங்கள் ஊர்க் கோயில் கோமதி அம்மாளுக்குத்தான் தெரியும். நாலு ஆடித் தபசு கடந்துவிட்டது. ஒவ்வொரு தபசுக்கும் நோட்டை எடுப்பேன். 'ஓடுகிற ஷூவுக்கு அளவு எடுக்கும்போது' என்று ஒரு வரி எழுதுவேன். அதற்கு மேல் பேனா நகராது. நான் எட்டாம் வகுப்பு வரைக்கும்தான் படித்தேன், அதனால் என்று நினைத்துவிடாதீர்கள். புத்தி சொல்ல வருகிறவனுக்குத் தான் சொல்லப்போவது என்னவென்று தெரிந்திருக்க வேண்டாமா? எனக்குத் தெரியவில்லை. இன்றைக்கும் தெரியவில்லை.

ஆனால் போன மாதம் கடையில் ஒன்று நடந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன். அதைக் கண்ணால் பார்த்த பிறகு எழுதாமல் இருப்பது பாவம் என்று பட்டுவிட்டது. குழப்பமாக இருந்தாலும் இருக்கட்டும், நடந்தது நடந்தபடி கிடக்கட்டும் என்று உட்கார்ந்துவிட்டேன்.

நான் சங்கரன்கோவில் ரத வீதியில் ஒரு செருப்புக் கடையில் முப்பத்தோரு வருஷம் முக்காலியில் உட்கார்ந்தவன். நீங்கள் இப்போது உட்கார்கிற அதே மாதிரி முக்காலிதான். காலையில் முதல் காலைப் பிடிக்கும்போது மனசுக்குள் "அம்மா" என்று சொல்லிவிட்டுத்தான் பிடிப்பேன். அது யார் காலாக இருந்தாலும் சரி. எனக்கு முன்னால் அந்த முக்காலியில் இருந்தவர் எனக்கு இரண்டே இரண்டு விஷயம் சொல்லிவிட்டுப் போனார். ஒன்று, ஓடுகிற ஷூவுக்குக் காலையில் அளவு எடுக்காதே, சாயங்காலம் எடு. ஓடுகிற கால் சூடேறி உப்பின கால், அதற்கு இடம் வேண்டும். இரண்டாவது, என்ன ஆனாலும் ஜோடியைப் பிரிக்காதே. ஒத்தை ஷூவைப் பெட்டியில் போட்டு வைக்கிறவன் கடையில் நிலைக்க மாட்டான்.

இந்த இரண்டையும் வேதம் மாதிரி காப்பாற்றினேன். அதில்தான் வந்தது வினை என்று சில சமயம் தோன்றுகிறது. சில சமயம் அப்படித் தோன்றவில்லை.

வெளியூரிலிருந்து வந்து இங்கே வேலை பார்க்கிறவர்களுக்காக ஒரு வார்த்தை. ஆடித் தபசுக்குக் கொடியேறிய பிறகு எங்கள் ஊர்க் கோயிலில் ஆடிச்சுற்று சுற்றுவார்கள். அம்மாள் சுவாமியின் காட்சி வேண்டி ஒற்றைக்காலில் நின்று தவம் செய்கிறாள், அந்தக் கால்வலியில் நாமும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளலாம் என்று வெறுங்காலோடு கோயிலைச் சுற்றி வருவது. நூற்றெட்டு, ஐந்நூற்றெட்டு என்று அவரவர் நேர்ந்துகொண்டபடி. தபசு நாளன்று சுவாமி அம்மாளுக்குக் காட்சி கொடுக்கிற நேரத்தில், மழையை நம்பி வெள்ளாமை செய்கிற மானாவாரிச் சம்சாரிகள் தங்கள் காட்டில் விளைந்த பருத்தி, வற்றல், பயறு என்று கொண்டுவந்து காணிக்கையாக வீசுவார்கள்.

நாலு வருஷத்துக்கு முன் அந்தத் தபசு நாள். சாயங்காலம் காட்சி முடிந்து கூட்டம் ரத வீதிக்குள் இறங்கிவிட்டது. கடைக்குள் கால் வைக்க இடமில்லை. அந்த நெரிசலுக்குள் ஒரு தாயும் மகளும் வந்தார்கள். குருவிகுளம் பக்கம். மகள் பெயர் மாரிச்செல்வி. தாயின் முந்தானை ஓரத்தில் பருத்திப் பஞ்சு ஒட்டியிருந்தது. மகளின் பாதம் இரண்டும் பிராகாரப் புழுதியில் சாம்பல் பூத்திருந்தது. இரண்டையும் பார்த்தேன். பார்த்ததோடு சரி.

"அண்ணாச்சி, இவ போலீஸ் செலக்சனுக்கு ஓடப் போறா. எழுத்துப் பரீச்சையில பாஸாயிட்டா. இன்னும் பதினாறே நாளு. நல்ல ஷூவா எடுத்துப் போடுங்க. நாலு வருசம் உழைக்கணும்" என்றாள் தாய்.

"யம்மா, நானூறு மீட்டருதான் ஓடப்போறேன். நாலு வருசமா ஓடப்போறேன்?"

"ஏட்டி, வேலை கிடைச்சா டிரெயினிங்ல ஓட வேண்டாமா? அப்பம் வேற ஒண்ணு எடுக்கச் சொல்லுதியா? கொழுப்பப் பாருங்க அண்ணாச்சி!"

மகள் சிரிக்கவில்லை. என் பக்கம் குனிந்து மெதுவாகச் சொன்னாள்: "அண்ணாச்சி, எனக்கு இது கடைசித் தடவை. அடுத்ததுக்கு வயசு தாண்டிரும். போன தடவை கடைசி வளைவுல வழுக்கி விழுந்துட்டேன். எனக்குத் தரையைப் பிடிக்கிற ஷூ வேணும். வேற எதுவும் வேண்டாம்."

தாய்க்கு உழைப்பு வேண்டும். மகளுக்குப் பிடிமானம் வேண்டும். எனக்கோ, கால் நோகாமல் இருக்க வேண்டும். மூன்று பேருக்கு மூன்று ஷூ. மாரிச்செல்வி தானாகவே ஒன்றைக் கையில் எடுத்தாள். அடிப்பாகம் பள்ளம் பள்ளமாக ஆழமாக வெட்டினது.

"அது வேண்டாம் தாயி" என்றேன். "உங்க ஊரு கரிசல் அந்தப் பள்ளத்துக்குள்ள புகுந்தா எறங்காது. ஒரு தூறல் விழுந்தாப் போதும், காலுக்கு ஒரு படி மண்ணைக் கட்டிட்டு ஓடுற மாதிரி ஆயிரும்."

தாய் சிரித்துவிட்டாள். "சரியாச் சொல்லுதாக. களையெடுத்துட்டு வரும்போது நம்ம செருப்பு கனக்குமே, அந்த மாதிரி."

அதில் எனக்கு ஒரு மிதப்பு வந்துவிட்டது. அதைச் சொல்லாமல் இருக்கக் கூடாது. சரியாக ஒன்றைச் சொல்லிவிட்டால் அடுத்ததும் சரியாகத்தான் இருக்கும் என்று ஒரு எண்ணம் வரும் பாருங்கள், அது. ஆழமில்லாத, நெருக்கமான வெட்டு உள்ள அடி, வளைத்தால் விரல் மடங்குகிற இடத்தில் மடங்குகிற ஷூ, நீல நிறம், ஒன்றை எடுத்தேன்.

"எனக்கு எப்பவும் அஞ்சு அண்ணாச்சி" என்றாள்.

அஞ்சை எடுத்து வலது காலில் போட்டேன். முட்டியது. முகத்தைச் சுளித்தாள். ஆறு போட்டேன். அச்சில் வார்த்த மாதிரி உட்கார்ந்தது. விரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம். குதிகால் அசையவில்லை.

"செருப்பு நம்பர் வேற தாயி, ஓடுற ஷூ நம்பர் வேற. ஒரு நம்பர் கூடத்தான் எடுக்கணும். முப்பது வருசமா காலைப் பிடிக்கிறவன் சொல்லுதேன்."

"இடது காலும் போட்டுப் பாக்கட்டா?"

அந்த நேரம் பார்த்து இரண்டு பேர் என் தோளைத் தட்டி நம்பர் கேட்டார்கள். ஒரு குழந்தை ஒரு பெட்டியைக் கவிழ்த்துவிட்டது. நான் சொன்னேன்: "ரெண்டு காலுக்கும் ஒரே நம்பர்தான தாயி."

தாயும் சேர்ந்துகொண்டாள். "ஆமா, ரெண்டும் ஒரே வயித்துல பிறந்ததுதான். எந்திரிட்டி, பஸ் போயிரும்."

போய்விட்டார்கள்.

நீங்கள் கேட்கலாம், 'ஏன் அண்ணாச்சி, பஞ்சு ஒட்டியிருக்கு, காலில் புழுதி இருக்கு, சுற்று முடித்துவிட்டு வருகிறீர்களா என்று ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா?' கேட்டிருக்கலாம். ஆனால் எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். சுற்று சுற்றினவரிடம் அதைப் பற்றிக் கேட்கக் கூடாது. கேட்டால் பலனில் பாதி கேட்டவனுக்கு வந்துவிடுமாம். அடுத்தவர் வேண்டுதலில் பங்கு கேட்கிற மாதிரி ஆகிவிடும் என்று என் வீட்டுக்காரி சொல்வாள். கல்யாணமான நாளிலிருந்து நான் யாரிடமும் கேட்டதில்லை. பக்தியினால்தான் கேட்கவில்லை. அது எப்படித் தப்பாகும்? ஆனால் தப்பாகத்தானே ஆயிற்று?

இன்னொன்று. அன்று விடியற்காலையில் நானும் இருபத்தோரு சுற்று சுற்றியிருந்தேன். காலையிலிருந்தே என் செருப்பு வார் கடித்துக்கொண்டே இருந்தது. கூட்டத்தில் நின்றதால் என்று நினைத்துக்கொண்டேன். என் கால் உப்பினதே எனக்கு உறைக்கவில்லை.

பன்னிரண்டு நாள் கழித்து ஒரு மத்தியானம். கடையில் ஈ, காக்கை இல்லை. தாயும் மகளும் வந்தார்கள். மாரிச்செல்வி இடது காலைக் கெந்திக் கெந்தி வைத்தாள். ஓட்டத்துக்கு நாலு நாள் இருந்தது.

"இடது கால் குதி ஏறி ஏறி எறங்குது அண்ணாச்சி. ரெண்டு சாக்ஸ் போட்டுப் பாத்தேன். நிக்க மாட்டேங்குது" என்றாள்.

"போகப் போக இளகத்தான செய்யும்னு நானும் பேசாம இருந்துட்டேன்" என்றாள் தாய்.

சாக்ஸைக் கழற்றினேன். இடது குதிகாலில் கொப்புளம் உடைந்து சிவந்திருந்தது. அந்தப் பாதத்தைக் கையில் ஏந்திப் பார்த்தேன். மெலிந்த பாதம். தபசன்று நான் பிடித்த கால் இது இல்லை.

அப்போதுதான் கேட்டேன். கேட்கக் கூடாததைக் கேட்டேன். "அன்னைக்கு நீங்க சுத்து முடிச்சிட்டா வந்தீக?"

தாய் முகம் மலர்ந்துவிட்டது. "ஆமா அண்ணாச்சி! நூத்தியெட்டு. கடைசி முப்பது அன்னைக்குத்தான் முடிச்சோம். இவளுக்கு வேலை கிடைக்கணும்னு நான் நேர்ந்தது. இவளையும் கூட்டிட்டே சுத்தினேன்."

முதலாளி கல்லாவிலிருந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். போட்டு ஓடின ஷூவைத் திருப்பி எடுக்கிற வழக்கம் கடையில் கிடையாது. அந்த ஷூவில் அஞ்சாம் நம்பரும் விற்றுத் தீர்ந்திருந்தது. இதெல்லாம் காரணம் என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உள்ளதைச் சொன்னால், முப்பது வருஷமாகக் காலைப் பிடிக்கிறவன் என்று சொன்ன வாய், தப்பு என்று சொல்ல வரவில்லை.

"புது ஷூ அப்படித்தான் தாயி" என்றேன். "லேஸை மேல் ஓட்டை வரைக்கும் கோத்து இறுக்கிக் கட்டினா நிக்கும்."

கட்டியும் கொடுத்தேன். எழுந்து நாலடி நடந்தாள். திரும்பி என்னைப் பார்த்தாள்.

"நீங்கதான குடுத்தீக. இதையே போட்டு ஓடலாமா அண்ணாச்சி?"

"ஓடலாம்" என்றேன்.

அவள் நம்பிவிட்டாள். தலையை ஆட்டிவிட்டு, கெந்திக்கொண்டே படியிறங்கினாள். தம்பிமாரே, வாடிக்கையாளர் சத்தம் போட்டால் சமாளித்துவிடலாம். நம்பிவிட்டால் சமாளிக்க முடியாது.

சாயங்காலம் கோயிலுக்குப் போனேன். புற்றுமண்ணை எடுத்து நெற்றியில் இட்டுக்கொண்டு அம்மாள் முன்னால் நின்றேன். தாயே, அந்தப் பிள்ளை விழுந்தால் அது என் தலையில்தானே விடியும், என்ன செய்ய என்று கேட்டேன். பதில் வந்ததா, வரவில்லையா, எனக்கு விளங்கவில்லை. கும்பிட்டுவிட்டு வெளியே வந்து என் செருப்பைப் போட்டேன். அது தொளதொளவென்று இருந்தது. தபசன்று கடித்த அதே செருப்பு.

மறுநாள் லீவு சொல்லிவிட்டு ராஜபாளையம் பஸ் ஏறினேன். நாலு கடை ஏறி இறங்கி அதே நீலத்தில் அஞ்சாம் நம்பரைப் பிடித்தேன். அதற்கு அடுத்த நாள் காலையில் குருவிகுளம் பஸ். போலீஸுக்கு ஓடுகிற பிள்ளை வீடு எது என்று கேட்டால் போதும், ஊரே வழி சொல்லியது. வீட்டில் இல்லை, கண்மாய்க்கரையில் ஓடுகிறாள் என்றார்கள்.

கரைமேல் வெறுங்காலோடு ஓடிக்கொண்டிருந்தாள். தாய் ஒரு கருவேல மரத்தடியில் அந்த நீல ஷூவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் பதறி எழுந்தாள்.

"என்ன அண்ணாச்சி, இம்புட்டுத் தூரம்? கடையில எதுவும் பாக்கி வச்சிட்டனா?"

"நான்தான் தங்கச்சி பாக்கி வச்சிட்டேன்."

மாரிச்செல்வி ஓடி வந்து நின்றாள். மூச்சு வாங்கியது. நான் அவர்கள் இருவர் முகத்தையும் பார்க்காமல் பெட்டியைப் பார்த்துச் சொன்னேன்: "அன்னைக்கு உன் காலு சுத்து சுத்தி உப்பியிருந்தது. நான் கேக்கல. உப்பின காலுக்கு அளவெடுத்துட்டேன். முந்தா நாளு நீ வந்தப்பவே எனக்குத் தெரிஞ்சு போச்சு. தெரிஞ்சுக்கிட்டே ஓடலாம்னு சொன்னேன். அது தப்பு."

தாய்தான் முதலில் பேசினாள். குரல் மாறிவிட்டது. "அப்பம் நான் சுத்த வச்சதுதான் தப்புன்னு சொல்லுதீகளா?"

"ஐயோ, அப்படிச் சொல்லல தங்கச்சி."

"பிறகு எப்படிச் சொல்லுதீக?"

எப்படிச் சொல்வது? அம்மாளுக்காக உப்பின காலை நான் குறை சொல்லலாமா? காலும் தப்பில்லை, சுற்றும் தப்பில்லை என்றால் தப்பு எங்கே இருந்தது?

மாரிச்செல்வி அதற்குள் பெட்டியைத் திறந்து அஞ்சாம் நம்பரை இரண்டு காலிலும் போட்டுக்கொண்டாள். கரை முனை வரைக்கும் ஓடித் திரும்பினாள்.

"இடது கால் கெட்டியா நிக்கி. வலது கால் பெருவிரல் முட்டுது."

"முட்டுதா?" எனக்கு நம்பிக்கை வரவில்லை. வீக்கம்தான் இறங்கிவிட்டதே. "மறுபடி ஆறைப் போட்டுப் பாரு."

போட்டுப் பார்த்தாள். "வலது கால் சரியா இருக்கு. இடது கால் குதி ஏறுது."

அப்போதுதான் எனக்கு இரண்டாவது இடி விழுந்தது. தபசன்று நான் அளந்தது வலது காலை மட்டும். அவள் இடதும் போடட்டுமா என்று வாய்விட்டுக் கேட்டாள். நான்தான் வேண்டாம் என்றேன். அவளுக்கு வலது கால் கொஞ்சம் பெரிது. வலது காலில் ஆறு அன்றைக்கும் சரி, இன்றைக்கும் சரி. அப்படியானால் நான் தப்புச் செய்தது வீக்கத்தினாலா, ஒத்தைக்காலுக்கு மட்டும் அளவெடுத்ததாலா? இப்போது உங்களுக்காக எழுதும்போதும் இந்த இடத்தில் எனக்குக் கிறுகிறு என்று வருகிறது.

"எதைப் போட்டு ஓட அண்ணாச்சி? இல்ல, இப்படியே வெறுங்காலோட ஓடிரவா?"

தாய் என்னைப் பார்த்தாள். மகள் என்னைப் பார்த்தாள். முப்பது வருஷத்தில் ஒரு வாடிக்கையாளரிடம் சொல்லாத வார்த்தையைச் சொன்னேன்.

"தெரியல தாயி."

அவள் கோபப்படுவாள் என்று நினைத்தேன். சிரித்துவிட்டாள். "எல்லாரும் தெரியும் தெரியும்னு சொல்லித்தான் நான் போன தடவை விழுந்தேன். கேன்வாஸே போதும்னு ஒருத்தரு, விரலு நெருக்கமா இருந்தாத்தான் வேகம் வரும்னு ஒருத்தரு. நீங்க ஒருத்தருதான் தெரியலன்னு சொல்லுதீக."

சொல்லிக்கொண்டே இடது காலில் அஞ்சையும் வலது காலில் ஆறையும் எடுத்து மாட்டினாள்.

"வேண்டாம் தாயி!" என்று நான் கத்தியே விட்டேன். "ஜோடியைப் பிரிக்கக் கூடாது!"

"ஏன் அண்ணாச்சி?"

ஏன் என்று யோசித்துப் பார்த்தேன். கடையில் ஒத்தை மிஞ்சினால் விற்க முடியாது, அதனால் பிரிக்கக் கூடாது. அது கடைக்கு. அவள் காலுக்கு என்ன காரணம்?

தாய்தான் பஞ்சாயத்தை முடித்தாள். "கோமதி அம்மாளே ஒத்தைக்காலுல நின்னுதான சாமியை வரவழைச்சா. அவளுக்கு ஜோடி வேண்டியிருந்ததா என்ன? ஓடிப் பாருட்டி."

"ரெண்டும் ஒரே வயித்துல பிறந்ததுன்னு சொன்னியேம்மா?"

"ஒரே வயித்துல பிறந்த நீயும் உன் அண்ணனும் ஒரே மாதிரியா இருக்கீக? ஓடு, வாயடிக்காம."

ஓடினாள். கரை முனையில் வேகமாகத் திரும்பினாள். மண் தெறித்தது. கால் வழுக்கவில்லை. திரும்பி வந்து நின்று இரண்டு காலையும் தட்டிப் பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் மறுபடியும் ஓடினாள். இரண்டும் ஒரே நீலம் என்பதால் பார்க்கிறவனுக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. எனக்கு மட்டும் கண் கூசியது. என் கண்ணுக்கு அவள் காலில் இரண்டு ஒத்தைகள் ஓடிக்கொண்டிருந்தன.

மிச்சத்தை நீங்களே எடுத்துக்கொண்டு போங்கள் என்றார்கள். இடது ஆறு, வலது அஞ்சு. அதைப் பெட்டியில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். பஸ்ஸில் ஒரு நினைப்பு ஓடியது. இடது கால் ஷூ புதுசு. ஓட்டத்துக்கு இரண்டே நாள். புது ஷூவில் பந்தயம் ஓடாதே என்று எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன். அதை அவளுக்குச் சொல்ல மறந்துவிட்டேன். இறங்கி ஓடிப்போய்ச் சொல்லலாமா என்று பார்த்தேன். சொல்லி என்ன செய்யச் சொல்வது? உட்கார்ந்துவிட்டேன்.

ஓட்டத்தன்று கடையில்தான் இருந்தேன். மத்தியானம் போன் வந்தது. தாய்தான். பஸ் ஸ்டாண்டில் நின்று கத்தினாள்: "அண்ணாச்சி! பாஸ்!" முதலாளி முன்னாலேயே அழுதேன்.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை அம்மாளுக்குப் பொங்கல் வைக்க வந்த மாரிச்செல்வி கடைக்கும் வந்தாள். எப்படித் தாயி ஓடினாய் என்று ஆசையாகக் கேட்டேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "பாதி தூரம் வரைக்கும் கால் ஒண்ணு இருக்குங்கிறதே மறந்துபோச்சு அண்ணாச்சி. கடைசி வளைவுல இடது கால் வழுக்கிருச்சு. விழப் போனேன். எப்படி விழாம வந்தேன்னு எனக்கே தெரியல."

பார்த்தீர்களா? இடது கால். நான் ராஜபாளையம் போய்த் தேடி வாங்கிக் கொடுத்த அஞ்சாம் நம்பர். அதுதான் வழுக்கியது.

அப்படியென்றால் அவளைத் தாங்கியது எது? வலது காலில் இருந்த, நான் தப்பாகக் கொடுத்த ஆறா? நூற்றெட்டுச் சுற்றா? வெறுங்காலோடு கண்மாய்க்கரையில் ஓடி ஏறின உரமா? என் வீட்டுக்காரி ஒரு தீர்ப்புச் சொன்னாள். "நீங்க சுத்தைப் பத்திக் கேட்டீகள்லா, பாதி பலன் உங்களுக்கு வந்துட்டு. அதான் புத்தி தெளிஞ்சு பஸ் ஏறினீக. மீதிப் பாதியில அவ ஓடிட்டா." அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். ஆனால் அன்றைக்கே, தபசன்றே கேட்டிருந்தால்? வீக்கம் வடிந்த பிறகு வா தாயி என்று அனுப்பியிருப்பேன். மாரிச்செல்வி வேறு கடையில் அந்தப் பள்ளம் வெட்டின ஷூவை வாங்கியிருப்பாள். அதுவே இதைவிட நன்றாக இருந்திருக்குமோ என்னவோ. மைதானத்தில் கரிசல் இல்லையே, செம்மண்தானே என்று அவள் பிறகு சொன்னாள். நான் மிதப்போடு சொன்ன அந்த ஒரு சரியான வார்த்தையும் இப்போது சரிதானா என்று ஆகிவிட்டது.

இனி போன மாதம் நடந்தது. நான் ஓய்வு பெற்று ஒன்றரை வருஷம் ஆகிறது. சும்மா கடைப் பக்கம் போய் உட்கார்ந்திருந்தேன். திருவேங்கடத்திலிருந்து ஒரு தகப்பனார் வந்தார். மகளுக்கு ஓட்டமாம். "இடது காலுக்கு ஒரு நம்பர் கம்மியாவும் வலது காலுக்கு ஒரு நம்பர் கூடவும் குடுங்க. அப்படிப் போட்டாத்தான் செலக்சன்ல ஜெயிக்கலாமாம். அந்தக் குருவிகுளம் போலீஸ்காரப் பிள்ளை அப்படித்தான ஓடுச்சாம்" என்றார். முக்காலியில் இருந்த புதுத் தம்பியும், "ஆமா சார், நாங்களும் கேள்விப்பட்டிருக்கோம்" என்று இரண்டு பெட்டியைத் திறந்து ஜோடியைப் பிரிக்கத் தொடங்கினான். அந்தப் பெண் ஒரு ஓரத்தில் நின்றாள். அவள் காலை யாரும் பார்க்கவே இல்லை.

விசாரித்ததில், இந்தக் கதை ஊருக்குள் நாலு விதமாக ஓடுகிறது. ஒன்றில் நான் பார்த்த உடனே இரண்டு கால் வித்தியாசத்தைக் கண்டுபிடித்த மேதை. ஒன்றில் அம்மாள் என் கனவில் வந்து நம்பர் சொன்னாள். ஒன்றில் அது எங்கள் கடை ஷூவின் மகிமை. ஒன்றில் அவள் ஒத்தை ஷூ போட்டு ஓடினாள். அம்மாள் பெயரில் சத்தியமாகச் சொல்கிறேன், என் கனவில் யாரும் வரவில்லை. சட்டென்று எழுந்து அந்தத் தம்பியை நகரச் சொல்லிவிட்டு, ஓய்வு பெற்றவன் என்பதையும் மறந்து முக்காலியில் உட்கார்ந்தேன். "வாங்க தாயி, ரெண்டு காலையும் காட்டுங்க. இன்னைக்கு ரொம்ப நடந்தீகளா? கோயிலுக்குப் போயிட்டு வாரீகளா?" என்று கேட்டேன். அவளுக்கு இரண்டு காலும் ஒரே அளவு. ஒரே நம்பரில் ஒரு ஜோடியைக் கட்டிக் கொடுத்தோம். தகப்பனாருக்கு முகம் வாடிவிட்டது. ஏமாற்றுகிறோம் என்றே நினைத்திருப்பார்.

அந்த மிச்சப் பெட்டி இன்னும் என் வீட்டுப் பரணில் இருக்கிறது. இடது ஆறு, வலது அஞ்சு. தானம் கொடுக்கலாம் என்றால் அதற்கு ஏற்ற கால் வேண்டும். தூக்கி எறிய மனசு வரவில்லை. இடது கால் பெரிதாக உள்ள யாராவது ஒருநாள் வருவார்கள் என்று நினைத்துக்கொள்கிறேன்.

தம்பிமாரே, தங்கச்சிமாரே, இதைக் கடையில் உங்களுக்குப் பின் வருகிறவர்களுக்குச் சொல்லுங்கள். என்னைப் புத்திசாலியாக்க வேண்டாம். அந்தத் தாயின் சுற்றைக் குறையாகவும் சொல்ல வேண்டாம், மந்திரமாகவும் சொல்ல வேண்டாம். அஞ்சை அஞ்சு என்றும் ஆறை ஆறு என்றும் சொல்லுங்கள். நான் கேட்காமல் இருந்ததைச் சொல்லுங்கள், ஒத்தைக்காலை அளந்ததைச் சொல்லுங்கள், தெரிந்துகொண்டே ஓடலாம் என்று சொன்னதையும் விட்டுவிடாதீர்கள். சொல்லி முடித்ததும், "சரி அண்ணே, கடைசியில அவளை ஓட வச்சது எது?" என்று கேட்பார்கள். அந்த இடத்தில் உங்களுக்கு அழகாக ஒரு பதில் தோன்றும். அதைச் சேர்த்துவிடாதீர்கள். கண்மாய்க்கரையில் நான் சொன்னதையே சொல்லுங்கள்.

தெரியல தாயி.